மின்சார விசிறி தானம்

மின்சாரம் எட்டிப் பார்க்காத வீட்டுக்காரர் ஒருவருக்கு நான் மின்சார விசிறியைத் தானம் கொடுத்திருக்கிறேன். எள்ளும் ஜலமும் விட்டு, மந்திரம் சொல்லி, ஒரு குறையும் வைக்காமல் கொடுத்தேன். வாங்கிக்கொள்கிறவர் வீட்டுக்குக் கம்பி கிடையாது என்று கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மந்திரம் சொல்லி வைத்த வாத்தியாருக்கும் தெரியும். மூவரும் படித்தவர்கள், மூவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பத்திரிகைகளில் ஊரையெல்லாம் கேலி செய்து எழுதிப் பேர் வாங்கினவன் நான். அப்படிப்பட்டவனைப் பற்றி வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன்.

அது என் மனைவியின் பன்னிரண்டாம் நாள் காரியம். அதனால்தான் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் பிழைப்பது பீர்மேட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில். அவளும் என்னோடு அங்கேதான் இருந்தாள். வருஷத்தில் பாதி நாள் மேகம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும் ஊர் அது. குழந்தைகள் இல்லாத வீட்டில் எங்களுக்கு மேகமே விருந்தாளி. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு மாடிப்படி ஏறினால் இரைத்தது. பிறகு படியே ஏறாமல் இரைத்தது. தோட்டத்து டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் களைத்துப் போயிருக்கிறது, இந்த ஈரமும் குளிரும் ஆகாது, கீழே கொண்டு போங்கள் என்றார். துரை நீண்ட லீவு கொடுத்தார். நான் அவளைக் கல்பாத்தியில் எங்கள் பழைய வீட்டுக்கு அழைத்து வந்தேன். அங்கே கணவனை இழந்த என் அக்கா தனியாக இருந்தாள்.

வியாதி என்றால் என்ன என்று கேட்டால் நான் டாக்டர் சொன்ன பெயரைச் சொல்ல மாட்டேன். அவளால் படுக்க முடியாது, அதுதான் வியாதி. தலையைச் சாய்த்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஒரு மேஜையைப் போட்டு, அதன்மேல் தலையணைகளை அடுக்கி, அதில் நெற்றியை வைத்துத்தான் தூக்கம். அதற்குத் தூக்கம் என்று பேர் வைத்தது நாங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடி வாங்கின பிள்ளை மேஜையில் கவிழ்ந்து கிடப்பது போல இருக்கும்.

"ஏன்னா, எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம்" என்றாள் ஒரு நாள். "காலை நீட்டி மல்லாந்து படுத்து ஒரு தூக்கம். அது மதி."

மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும் என்று அர்த்தம். அவள் அப்படி எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் செய்வதையெல்லாம் கேலி செய்திருக்கிறாளே தவிர, இது வேண்டும் என்று கேட்டவளில்லை.

பாலக்காட்டு டவுனிலிருந்து வந்து பார்த்த பெரிய டாக்டர், மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முகத்தின்மேல் காற்று ஓடிக்கொண்டே இருந்தால் அவள் படுக்கக்கூடும் என்றார். "உங்கள் வீதிக்குத்தான் கரண்டு வந்துவிட்டதே, ஒரு விசிறி வாங்கி வையுங்களேன்" என்றார்.

கரண்டு வந்திருந்தது வாஸ்தவம். வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கோ மலையில் தண்ணீர் விழுகிறது, அது கம்பி வழியாக ஓடி வந்து எங்கள் கூடத்தில் வெளிச்சமாக எரிகிறது என்பதை நான் மட்டுமே வீதியில் தெளிவாகப் புரிந்துகொண்டவன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வீட்டுக்குக் கம்பி இழுக்கச் சொல்லி மலையிலிருந்தே கடிதம் எழுதி ஏற்பாடு செய்தவன் நான்தான். கூடத்தில் ஒன்று, வாசலை ஒட்டிய ரேழியில் ஒன்று, அறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று பல்புகள். இதில் சமையலறைப் பல்புதான் அக்காவின் சொத்து. புகை பிடித்த சுவரையும் கரி படிந்த உத்தரத்தையும் அவள் முதல்தடவையாகப் பார்த்தாள். "இத்தனை நாள் இந்த அழுக்குக்குள்ளயா சமைச்சேன்!" என்று ஒரு வாரம் சுவரைத் தேய்த்தாள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு மாமிகளைக் கூப்பிட்டு, விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டுவாள். சுவரைக் காட்டுகிறாளா விளக்கைக் காட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

விசிறி கோயம்புத்தூரிலிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்தது. இரும்பு அடி, பித்தளை இறக்கைகள், அதற்குமேல் கம்பிக் கூண்டு. மேஜைமேல் வைக்க இரண்டு பேர் வேண்டும். பொருத்துவதற்கு நல்லேப்பிள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வயர்மேன் வந்தான். வாய் ஓயாத மனுஷன். வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்தான்.

"ஏனுங்க சாமி, இந்த வீதியிலயே மொதல் காத்தாடி உங்க ஊட்டுக்குத்தானுங்க. நாளைக்குப் பாருங்க, எல்லா ஊட்டுலயும் கேப்பாங்க."

"அது இருக்கட்டும். இது ரொம்பக் கரண்டு தின்னுமோ?"

"தின்னுமுங்க. பின்ன சும்மா சுத்துமாங்க? உங்க ஊட்டுக்கு லிமிட்டர் போட்டிருக்குதுங்க. அதைத்தான் பாத்துக்கோணும்."

லிமிட்டர் என்பது ரேழிச் சுவரில் உயரத்தில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி. மீட்டர் வைத்தவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம். நாங்கள் மீட்டர் வைக்கவில்லை. இத்தனை பல்பு என்று பேசி இணைப்பு வாங்கியவர்கள். பேசினதற்கு மேலே ஒரு பல்பு எரிந்தாலும் அந்தப் பெட்டி கோபித்துக்கொண்டு கரண்டைத் துண்டிக்கும், மறுபடி கொடுக்கும், மறுபடி துண்டிக்கும். வீடு முழுவதும் கண்ணைச் சிமிட்டும். வயர்மேன் கணக்குப் போட்டுச் சொன்னான்: விசிறி ஓடுகிறபோது அறையில் ஒரு விளக்கு எரியலாம். மற்றதெல்லாம் அணைந்திருக்க வேண்டும்.

"அடுப்பங்கரை வெளக்குமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"அதுவுமுங்க அம்மா."

அவன் போனபிறகு அக்கா அவன் நின்ற இடத்தையெல்லாம் தண்ணீர் விட்டு அலம்பினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் செலவானது என்று நினைக்கிறேன்.

இங்கே என்னுடைய அறிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்பாத்தியில் விசிறியைப் பார்க்காதவர்கள் பலர். நானோ விசிறிகளுக்கு நடுவில் இருந்தவன். தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில், பறித்து வந்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி, ஆள் உயர விசிறிகளை ஓடவிட்டுக் காற்றடிப்பார்கள். சாயங்காலம் விறைப்பாக மாடியேறின கொழுந்து மறுநாள் காலையில் துவண்டு, கையில் எடுத்தால் பழந்துணி மாதிரி மடங்கும். அதிலிருக்கும் தண்ணீரையெல்லாம் காற்றுக் குடித்திருக்கும். இதை வருஷக்கணக்காகப் பார்த்த எனக்கு, விசிறி என்றால் உயிருள்ள பொருளை வாட்டுகிற இயந்திரம் என்று மனதில் பதிந்திருந்தது. அதனால் முதல்நாள் விசிறியை ஓடவிட்டு, அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். சுவரில் மோதித் திரும்புகிற காற்றே அவளுக்குப் போதும் என்பது என் சித்தாந்தம். நடுநடுவே எழுந்து போய் அவள் கன்னத்தையும் முழங்கையையும் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன பாக்கறேள்?"

"துவண்டு போறதோன்னு."

"நான் என்ன கொழுந்தா? நாப்பது தாண்டியாச்சு. துவள்றதுக்கு இனிமே என்ன பாக்கி?" பேசினதில் மூச்சு வாங்கியது. நின்று, இழுத்துக்கொண்டு, சொன்னாள்: "சுவத்துக்கு வேர்க்கறதோ? அதுக்குக் காத்து வீசறேளே."

விசிறியைத் திருப்பினேன்.

காற்று அவள் முகத்தில் பட்டதும் நெற்றி மயிர் பின்னால் பறந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவள், கட்டிலைக் காட்டினாள். அக்காவும் நானும் பிடித்துக்கொண்டு போய், முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்தோம். ஒவ்வொரு தலையணையாக உருவினோம். ஒன்றை உருவிவிட்டு முகத்தைப் பார்ப்போம், பிறகு அடுத்தது. கடைசியில் ஒரே தலையணை மிஞ்சியது. அவள் காலை நீட்டினாள். வீங்கின அந்தக் கால்கள் மெத்தையில் நீள்வதை நாங்கள் இருவரும், ஏதோ குழந்தை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கிறவர்கள் மாதிரி, நின்று பார்த்தோம். அவள் தூங்கினாள். நடுப்பகல். சமையல் அப்படியே நின்றது. அக்கா தரையில் சுவரோரம் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று அந்தி சாயும்போது அக்கா பழக்கதோஷத்தில் சமையலறைப் பொத்தானைத் தட்டிவிட்டாள். பெட்டி கோபித்துக்கொண்டது. விளக்கு சிமிட்டியது, விசிறி நின்றது, நகர்ந்தது, நின்றது. கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவள் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறவள் போல வாயைத் திறந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அக்கா ஓடிப்போய் அணைத்தாள். மறுபடி அவளைப் படுக்க வைக்க வெகுநேரம் ஆயிற்று.

அதோடு எங்கள் வீட்டில் வெளிச்சம் முடிந்தது. அக்கா எண்ணெய் விளக்குக்குத் திரும்பிப் போனாள். தேய்த்து வெளுத்த சுவரில் மறுபடி புகை ஏறியது. கரண்டு வந்த வீட்டுக்கு இருட்டும் சேர்ந்து வந்ததைப் பார்த்து வீதியில் நாலு பேர் விசாரித்தார்கள். விசிறி எல்லாவற்றையும் தின்றுவிடுகிறது என்று நான் விளக்குவேன். "ஒரு விசிறிக்கு இத்தனை பசியா!" என்று ஆச்சரியப்படுவார்கள். அந்த விசிறி நாற்காலியில் ஒரு பெரியவரை உட்கார வைத்த மாதிரி வீட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் யாரும் குரலை உயர்த்துவதில்லை. யாரும் பொத்தானைத் தொடுவதில்லை. அதன் சத்தம் நிற்கிறதா என்று காதை அதன்மேல் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் நடந்தது.

அவள் படுத்துத் தூங்கினாள். அது மதி.

ஐப்பசிக் கடைசியில் தேர் வந்தது. கல்பாத்தித் தேர் என்றால் கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சூரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்த வருஷம் வீதிக்குக் கரண்டு புதுசு. சுவாமிக்குக் காட்டுவதற்கென்றே எல்லா வீட்டிலும் இருக்கிற பல்பையெல்லாம் போட்டார்கள். இல்லாததற்குக் கடன் வாங்கி மாட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மீட்டர் வைத்தவர், தாலுகா கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வாசல் முழுவதும் சிவப்பும் பச்சையுமாகக் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். மழை வருகிற மாதிரி வானம் மூடி, ஓர் இலை அசையாத சாயங்காலம். மேளச் சத்தம் தூரத்தில் கேட்க ஆரம்பித்தது. வீதி முழுவதும் விளக்கு எரிந்தது. எங்கள் விசிறி மெதுவாயிற்று.

முதலில் சத்தம்தான் மாறியது. ஹோ என்று ஒரே சீராக இருந்தது தொண்டை கட்டின மாதிரி இறங்கியது. பிறகு இறக்கைகள் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அவள் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அறை விளக்கையும் அணைத்துப் பார்த்தேன். பிரயோஜனமில்லை. வீதியில் எரிகிற ஒவ்வொரு பல்பும் அவள் மூச்சிலிருந்து ஒரு வாய் எடுத்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தத் தோற்றத்தில் பிழையில்லை என்று இன்றைக்கும் வாதாடுவேன். அதற்காக நான் செய்த காரியத்துக்குத்தான் வாதம் கிடையாது.

மேல்துண்டைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"ஓய், உங்க ஆத்து வாசல் வெளக்கைச் செத்த நேரம் அணைக்க முடியுமோ?"

"ஏன், கண்ணைக் குத்தறதோ?"

"இல்லை. எங்காத்து விசிறி மெதுவாச் சுத்தறது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்காத்து வெளக்குக்கும் உங்காத்து விசிறிக்கும் என்ன ஓய் சம்பந்தம்?"

"ஒரே வாய்க்கால். மேல்மடைக்காரா எல்லாரும் திறந்து விட்டா, கடைமடை வயல் காயாதோ?"

"அதுக்கு? சம்பந்தி வந்திருக்கா. தேர் வர்ற நேரம். எல்லாரையும் இருட்டுல உக்காத்தி வைக்கச் சொல்றீரா? கதை எழுதறவர்ங்கறது சரியாத்தான் இருக்கு!"

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "அணைச்சுத்தான் தொலையுங்கோளேன்! அவளுக்கு மூச்சு விட முடியலேன்னா நமக்கு எதுக்குப் பச்சை வெளக்கு?"

பச்சையும் சிவப்பும் அணைந்தன. அந்த வெற்றியில் அடுத்த வீட்டுக்குப் போனேன், அதற்கடுத்ததுக்கும் போனேன். ஒருவர் பாதி அணைத்தார். ஒருவர், "தேரையே திருப்பி அனுப்பிடுங்கோளேன், அதுலயும் வெளக்கு இருக்கு" என்றார். தேர்த் திருநாளில் வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொன்னவன் அந்த வீதியின் சரித்திரத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

திரும்பி வந்தேன். விசிறி நான் போகும்போது இருந்த மாதிரியே மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே போனேள்?"

"தேர் எங்கே வரதுன்னு பாக்க."

"எதிராத்துல வெளக்கு அணைஞ்சதே. நீங்கதானே?"

நான் மேல்துண்டைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"ஸ்வாமிக்குப் போட்ட வெளக்கு." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "அதை அணைச்சு எனக்குக் காத்தா? போய்ப் போடச் சொல்லுங்கோ."

"போட்டா இது நின்னாலும் நிக்கும்."

"நிக்கட்டும். உங்களுக்குக் கை இல்லையோ?"

வாசலுக்கு வந்து, விளக்கைப் போடலாம் என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினேன். அங்கிருந்து ஏதோ பதில் வந்தது, மேளத்தில் கேட்கவில்லை. உள்ளே வந்து விசிறியை நிறுத்தினேன். அக்கா சமையலறையிலிருந்து பனையோலை விசிறியைக் கொண்டு வந்து கொடுத்தாள். அடுப்பு விசிறி, ஓரம் கருகியிருந்தது. கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வீசினேன்.

விசிறி நின்றதால் பெட்டிக்குக் கோபம் இல்லை. அக்கா போய்க் கூடத்தில் போட்டாள், ரேழியில் போட்டாள், சமையலறையிலும் போட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீடு முழுவதும் எரிந்தது. தேர் எங்கள் வாசலுக்கு வந்தபோது எங்கள் வீடும் மற்ற வீடுகளைப் போலத்தான் இருந்தது.

நான் வீசிக்கொண்டிருந்தேன். அவள் மெல்லச் சாய்ந்தாள். ஒரு தலையணையை உருவிக்கொடுத்தாள், பிறகு இன்னொன்றை. மேளமும் வடம் பிடிக்கிறவர்களின் கூச்சலும் ஜன்னலை நிறைத்தபோது அவள் மல்லாந்து படுத்திருந்தாள். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, கை மாற்றினேன்.

"ஏன்னா" என்றாள் கண்ணைத் திறக்காமல். "உங்க கைக்கு லிமிட்டர் வைக்கலையே?"

"இல்லை."

"பேஷ்."

தேர் நகர்ந்து போனது. அவள் தூங்கிவிட்டாள். வீதி அடங்கி, விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, கரண்டுக்கு மறுபடி பலம் வந்ததும் அக்கா வந்து மின்சார விசிறியைப் போட்டாள். அது பழைய வேகத்தில் சுற்றியது. நான் ஓலை விசிறியைக் கீழே வைத்தேன். மறுநாள் அது அடுப்புக்குத் திரும்பிப் போயிற்று. அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. நான் நினைக்கவேயில்லை.

மார்கழி முடியும் சமயம் எங்கள் பக்கத்தில் கிழக்குக் காற்று வரும். மலை நடுவில் இருக்கும் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டுக் காற்றெல்லாம் ஒன்றாகப் புகுந்து வரும். கதவுகள் தாமாக அடித்துக்கொள்ளும்; கொடியில் போட்ட வேஷ்டியைப் பிடிக்க ஆள் வேண்டும்; வாயில் மண் கடிக்கும். உலகத்துக் காற்று முழுவதும் எங்கள் வீதி வழியாகப் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில், ஒரு காலை வேளையில், மேஜையில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது, காலை நீட்டிப் படுத்தபடியே அவள் போனாள். அவள் மூச்சு நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி மயிர் அசைந்துகொண்டிருந்ததால் எனக்குத் தெரிய நேரமாயிற்று. அக்காதான் போய் அதை நிறுத்தினாள்.

பன்னிரண்டாம் நாள் தானங்கள். போகிறவர்களுக்கு அந்த வழி வெகு தூரம், நிழல் கிடையாது, தரையெல்லாம் கொதிக்கும் என்பது நம்பிக்கை. வெயிலுக்குக் குடை, முள்ளுக்குச் செருப்பு, தாகத்துக்குச் சொம்பில் ஜலம், இருட்டுக்குத் தீபம், புழுக்கத்துக்கு விசிறி. இங்கே ஒரு பிராமணர் கையில் கொடுத்தால் அங்கே அவர்களுக்குப் போய்ச் சேரும். இதில் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று யாராவது அதற்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்திருப்பேன், கிண்டலாக. அன்று காலையில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. குடையைத் திறந்து பார்த்து, கம்பி சரியாக இருக்கிறதா என்று சோதித்தேன். செருப்பின் வாரை இழுத்துப் பார்த்தேன்.

அக்கா புதிதாக ஒரு பனையோலை விசிறி வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அறையிலிருந்து அந்த மேஜை விசிறியைத் தூக்கி வந்தேன். தனியாகவே தூக்கினேன்.

"இதைக் கொடுக்கறேன்" என்றேன்.

வாத்தியார் விசிறியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "இதுவா?"

"அவளுக்கு மூச்சு கொடுத்தது இதுதான். ஓலையைக் கொடுத்தனுப்ப எனக்கு மனசில்லை."

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மந்திரத்துல விசிறின்னுதான் இருக்கு. ஓலைன்னு எங்கேயும் இல்லை. கொடுக்கலாம்" என்றார்.

வாங்கிக்கொள்ள வந்தவர் நல்லேப்பிள்ளிப் பக்கம் வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன அக்கிரகாரத்துப் பெரியவர். அங்கே அப்போது கம்பியும் கிடையாது, கம்பம் நடுகிற பேச்சும் கிடையாது. எள்ளும் ஜலமும் விட்டுத் தாரை வார்த்தேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் விசிறியைத் தொட்டு வாங்கிக்கொண்டார். கூண்டைச் சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், கேலி துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டார்:

"இதை எந்தப் பக்கம் பிடிச்சுண்டு வீசறது?"

வாத்தியார் அவசரமாக அடுத்த மந்திரத்தை ஆரம்பித்தார்.

சாப்பாடு முடிந்து அவர் மாட்டுவண்டியில் ஏறினார். குடை, செருப்பு, சொம்பு எல்லாம் பக்கத்தில். விசிறியை மடியில் வைத்துக்கொண்டார். வேறு எங்கே வைத்தாலும் உருண்டுவிடும் என்று பயம். அவர் ஊர் கிழக்கே. வண்டி வீதி முனை திரும்பி, காற்றுக்கு எதிராக முகத்தை வைத்ததும் அந்தப் பித்தளை இறக்கைகள் அசைந்தன. முதலில் மெல்ல; பிறகு தாராளமாகச் சுற்ற ஆரம்பித்தன. கம்பியில்லாமல், கரண்டில்லாமல், வெயில் பட்டு மின்னிக்கொண்டு. பெரியவர் பயந்துபோய்க் கூண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை அது சுற்றிக்கொண்டுதான் போயிற்று.

நான் வீட்டுக்குள் ஓடினேன். ஓடினேன் என்பது சரியான வார்த்தை. கடைசியாக எப்போது ஓடினேன் என்று ஞாபகமில்லாத வயதில் ஓடினேன்.

அக்கா சமையலறையில் இருந்தாள். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. உள்ளே இருட்டாகத்தான் இருந்தது. இனிமேல் விளக்கைப் போடலாம், பெட்டி ஒன்றும் சொல்லாது என்ற நினைப்பு அவளுக்கு வரவில்லையோ, வந்தும் போடவில்லையோ, எண்ணெய் விளக்கைத்தான் ஏற்றி வைத்திருந்தாள். நான் அப்பால் எடுத்து வைத்த புது ஓலை விசிறி அவள் மடியில் இருந்தது.

"அக்கா, அது சுத்திண்டே போறது! கரண்டு இல்லாமலே! நானே பாத்தேன். இனிமே அவளுக்குக் காத்துக்கு ஒரு குறைவும் இல்லை."

அக்கா ஓலை விசிறியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காத்தடிச்சாச் சுத்தும், அது எனக்கும் தெரியும்டா" என்றாள். "அவ போற வழிக்குக் கம்பி இழுத்தாச்சோ, அதைச் சொல்லு."